பதினேழு காய்ச்சல் கடிதங்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதை நெருங்கும் இந்த வயதிலும் கை நடுங்காமல் எழுத வருகிறது. இங்கே கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனால் நம்மவர் யாராவது வழியில் நிறுத்தி, ஒரு விண்ணப்பம் எழுதித் தரும்படி கேட்பார்கள். கண் சரியில்லை என்று சொல்லிவிடுவேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பதினான்கு வயதானபோது நாங்கள் பவானிப்பூரில் ஒரு வங்காளியின் வீட்டில் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரு வியாபாரக் கம்பெனியில் வேலை. கீழ்த்தளத்தில் இன்னொரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு மாமாவுக்குச் சர்க்கார் உத்தியோகம். அந்நாளில் கல்கத்தாதான் இந்தியாவின் தலைநகரம். வெயில் ஆரம்பித்ததும் சர்க்கார் முழுவதும் பெட்டி, காகிதம், குமாஸ்தாக்களுடன் சிம்லா மலைக்கு ஏறிவிடும். குளிர்காலம் வரும்போதுதான் கீழே இறங்கும். ஆகவே வருஷத்தில் பாதிக்குமேல் மாமா வீட்டில் இருக்கமாட்டார். மாமியும் அவர்களுடைய ஒரே பையனும் மட்டும்தான் இருப்பார்கள்.

அவனுக்கும் என் வயதுதான். என் வகுப்புதான். இரண்டு வருஷம் முன்புதான் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தான். நான் கல்கத்தாவிலேயே பிறந்தவன். வங்காள மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவனுக்கு அது காதில் விழும், வாயில் வராது. குளிக்கும்போது உரக்கப் பாடுவான். மாடியில் என் அம்மா, "கீழாத்துக் கச்சேரி ஆரம்பிச்சாச்சு, சாதம் வெந்துடுத்தான்னு பாரு" என்பாள்.

மலைக்குப் போன தமிழ் ஆபீஸ்காரர்களின் வீடுகள் எங்கள் தெருவைச் சுற்றி ஐந்தாறு இருந்தன. அந்த வீட்டுப் பெண்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு, தபாலாபீசுக்கு, வீட்டுச் சொந்தக்காரருக்கு என்று ஏதாவது எழுதவேண்டியிருந்தால் என்னிடம் வருவார்கள். நான் எழுதுவேன்; அவர்கள் கீழே தமிழில் கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் பள்ளியில் இது வழக்கமாகிவிட்டது. ஒரு பையன் வராமல் போனால் மறுநாள் கடிதம் வேண்டும். அப்பா சிம்லாவில் என்றால் அம்மாவின் கையெழுத்தே போதும். பள்ளிக் குமாஸ்தா அந்த வட்ட எழுத்துகளைப் பார்த்து, "இன்றைக்கும் ஒரு ஜிலேபி வந்திருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே கோப்பில் குத்துவார்.

தாங்கள் எதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறோம் என்பது அந்தப் பெண்களுக்கு நான் சொன்னால்தான் தெரியும்.

*

அந்த வருஷங்களில் கல்கத்தா முழுவதும் சுதேசிப் பேச்சு. அந்நியத் துணியைத் தொடக்கூடாது என்று பையன்கள் சபதம் செய்துகொண்டார்கள். நானும் செய்தேன். அப்பாவின் கம்பெனியில் இதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு நாட்டுத்தறிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அவன் விஷயம் வேறு. சர்க்கார் உத்தியோகஸ்தரின் பையன் கோட்டு இல்லாமல் பள்ளிக்குப் போனால், சுதேசிக் கும்பலில் சேர்ந்துவிட்டான் என்று யாராவது எழுதிப் போட்டு வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்று மாமாவுக்குப் பயம். தன் பழைய அல்பாக்கா கோட்டைப் பிரித்து அவன் அளவுக்குத் தைக்கச் சொல்லிவிட்டு மலை ஏறினார். கறுப்பாகப் பளபளக்கும் சீமைத் துணி.

கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்புப் பையன்கள் கூடிப் பேசினார்கள். வங்காளக் கிராமங்களில் ஏக்கொரே என்று ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்த குடும்பத்தோடு யாரும் பேசமாட்டார்கள், நெருப்புக்கூடக் கொடுக்கமாட்டார்கள். கோட்டைக் கழற்றும்வரை அவனுக்கு ஏக்கொரே என்று முடிவாயிற்று. ஒருவன் என்னைப் பார்த்து, "நீ எப்படி? அவன் உன் ஜாதிக்காரன் ஆயிற்றே" என்றான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கென்ன, நானும் பேசமாட்டேன்" என்றேன்.

அவனை யாரும் அடிக்கவில்லை. திட்டவில்லை, குடுமியைப் பிடித்து இழுக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். அவன் பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். அவன் கேட்டால் பதில் வராது. வகுப்பில் வாத்தியார் எழுபது பையன்களை வைத்துக்கொண்டு பாடம் நடத்திவிட்டுப் போவார். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்?

வீட்டிலிருந்து பள்ளிக்கு நாங்கள் சேர்ந்துதான் நடப்போம். தமிழில் ஓயாமல் பேசுவோம். பள்ளிக்கூட மதில் தெரியும் இடத்தில் ஒரு பெரிய குளம் உண்டு. அந்தக் குளத்தங்கரை வந்ததும் நான் நடையை வேகப்படுத்துவேன், அவன் பின்தங்கிவிடுவான். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. முதல் நாள் மட்டும் அவன், "நீ முன்னாடி போ, எனக்குப் புரியறது" என்றான். மாலையில் அதே குளத்தங்கரையில் காத்திருப்பான். மறுபடி பேச ஆரம்பிப்போம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி பேசிவிட்டால் நான் என் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அவன் கோட்டைக் கழற்றிவிட்டான். மாமிக்குத் தெரியாமல் குளத்தங்கரையிலேயே கழற்றிச் சுருட்டிப் புத்தகப் பையில் திணித்துக்கொண்டு வெறும் சட்டையோடு உள்ளே வந்தான். பளிச்சென்று சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தான். பக்கத்துப் பையன் நகர்ந்து உட்கார்ந்தான். அதற்குள் எல்லோருக்கும் பழக்கமாகிப் போயிருந்தது. கோட்டைக் கழற்றினால் பேசலாம் என்று முடிவு செய்தது யாருக்கும் நினைவில்லை. எனக்கு நினைவிருந்தது. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். யாராவது முதலில் பேசட்டும், பிறகு நான் பேசுகிறேன் என்று இருந்துவிட்டேன். அன்று முழுவதும் அவன் முகத்தைப் பார்க்காமலிருக்கக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

முதல் கடிதம் உண்மையான கடிதம். ஆனி மாதக் கடைசியில் மழையில் நனைந்து அவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். எழுதிக் கொடுத்தேன், மாமி கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை குளத்தங்கரையில் அவன் நின்றுவிட்டான்.

"நான் வரலை. நீ போ."

"எங்கேடா போவே?"

"சும்மா எங்கேயாவது. சாயங்காலம் இங்கேயே நிக்கறேன்."

"லெட்டர் கேப்பாளே."

"நீதான் எழுதுவியே" என்றான்.

அன்று மாலை எழுதினேன். என் மகனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தபடியால் என்று தொடங்கி, நாலே வரி. எடுத்துக்கொண்டு கீழே போனேன். மாமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "என்னடா அம்பி, எதுக்கு இது?" என்றாள்.

"லைப்ரரியிலேர்ந்து புஸ்தகம் எடுக்க, மாமி. ஆத்துல சம்மதம் வேணுமாம்."

"புஸ்தகம் எடுக்கவா? பேஷா எடுக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிப் பெயர் எழுத அவளுக்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு சுழியையும் முழுதாகச் சுழித்து முடிப்பாள். பக்கத்தில் நின்றுகொண்டு அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு. பள்ளிக்குக் காய்ச்சல் என்றும், மாமிக்கு லைப்ரரி, தேகப்பயிற்சி, பரீட்சை அனுமதி என்றும் சொல்லிவந்தேன். பத்திரிகையில் வரும் மருந்து விளம்பரங்களைப் பார்த்து விட்டுவிட்டு வரும் காய்ச்சல், பித்தக் காய்ச்சல், குளிர் காய்ச்சல் என்று மாற்றி மாற்றி எழுதினேன். என் இங்கிலீஷ் எனக்கே பிடித்திருந்தது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அவன் வராத நாட்களில் எனக்கு வகுப்பில் நிம்மதியாக இருந்தது. யாரையும் பார்க்காமலிருக்கப் பாடுபட வேண்டியதில்லை. அவனுக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டாலும், பாதிக்குமேல் எனக்காகத்தான் எழுதினேன்.

அவன் எங்கே போகிறான் என்று பிறகு சொன்னான். கிடர்பூர் துறைமுகத்துக்கு. அங்கே ஒரு பாலம் இருக்கிறது, கப்பல் வந்தால் திறந்து வழிவிடும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம்.

"அதுல என்னடா இருக்கு?"

"பாலம் திறந்துண்டா இந்தப் பக்கத்து வண்டியெல்லாம் நிக்கும். யாரும் எங்கேயும் போகமுடியாது. அப்போ நான் சும்மா உக்காந்திருக்கறது தப்பாத் தெரியாது."

ஆடி போய் ஆவணி வந்தபோது அவன் குளிக்கும்போது பாடுவது நின்றிருந்தது. தலை வாருவதில்லை. நடக்கும்போது நான் ஒரு வேடிக்கை சொன்னால் கொஞ்சம் பொறுத்துச் சிரிப்பான், சிரிக்கவேண்டும் என்று யாரோ நினைவூட்டியது மாதிரி. எனக்கு உள்ளூரப் பயம் பிடித்தது. ஆனால் அந்தப் பயத்தில் அவனுக்காகப் பட்டது எவ்வளவு, நான் அகப்பட்டுக்கொள்வேனே என்று பட்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பள்ளியின் வாசல் காவல்காரனான தர்வான் எங்கள் வகுப்புப் பக்கம் வந்தாலே புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொள்வேன்.

பதினாறு கடிதங்கள் ஆனபின் ஒரு நாள், குளத்தின் படியில் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னான்: "இந்தத் தடவை காய்ச்சல்னு போடாதே."

"பின்னே? வயித்துவலியா?"

"உள்ளதை எழுது."

"என்னன்னு எழுத?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "காலம்பற எழுந்துக்கறச்சேயே எதுக்கு எழுந்துண்டோம்னு இருக்கு. சாதம் மண்ணாட்டம் இருக்கு. க்ளாஸ்ல பேர் கூப்பிடறா, 'ப்ரெஸெண்ட் ஸார்'ங்கறேன். அன்னிக்கு முழுக்க அங்கே நான் பேசறது அது ஒண்ணுதான். சில நாள் அதைச் சொல்லிட்டு நெஜமாவே நான் இங்கே இருக்கேனான்னு சந்தேகமா இருக்கு. மனசு சரியில்லை. அதை எழுது."

நான் சிரித்தேன். "போடா. மனசு சரியில்லைன்னா லீவு கொடுப்பாளா? அதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல வார்த்தையே கிடையாது."

வார்த்தை உண்டு. எனக்குத் தெரியும். அதை ஒரு கட்டுரையில் எழுதி வாத்தியாரிடம் பாராட்டு வாங்கியவன் நான். அப்படி ஒரு கடிதம் போனால் ஹெட்மாஸ்டர் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் வகுப்பு வரை வரும். வகுப்பு வரை வந்தால் என்னிடம் வரும்.

"சரி, உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்று எழுந்துவிட்டான். பதினேழாவது கடிதத்திலும் காய்ச்சல்தான்.

*

நான்கு நாள் கழித்துப் பயந்தது நடந்தது. தர்வான் வீட்டுக்கே வந்து மாமியின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, பள்ளிக்கு வரவேண்டும் என்று கையாலேயே ஜாடை காட்டிவிட்டுப் போனான். மாமி அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு, என்னிடம்தான் வந்தாள்.

"படி அம்பி. அவருக்கு மலையில ஏதாவதா?"

"இல்லை மாமி, ஸ்கூல்லேர்ந்துதான். ஹெட்மாஸ்டர் உங்களைப் பார்க்கணுமாம்." மாற்றிச் சொல்ல வழியில்லை, தர்வான் ஜாடை காட்டிவிட்டானே. "நான் வேணா அப்பாவை அனுப்பறேனே..."

"என்னைன்னாக் கூப்பிட்டிருக்கார். பெத்தவ நான் போறேன். நீ கூட வந்து அவர் சொல்றதை எனக்குச் சொல்லு."

பெண்கள் ஆண்பிள்ளைப் பள்ளிக்குள் போகும் காலமில்லை அது. மறுநாள் ஒரு வாடகைக் குதிரை வண்டி வைத்துக்கொண்டு, ஜன்னல் பலகைகளை மூடி, மாமியும் அவனும் உள்ளே உட்கார்ந்து வந்தார்கள். நான் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழிநெடுகக் குதிரை விழவேண்டும், சக்கரம் கழலவேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். வாசலில் வண்டி நின்றதும் ஹெட்மாஸ்டரே குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கதர்போல் முரடான சால்வை போர்த்திய பெரியவர். வண்டியருகில் வந்து, "மா, நமஸ்காரம்" என்றார். மாமி ஒரு ஜன்னல் பலகையை நாலு விரல் அளவு திறந்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். மாமிக்குத் தமிழ் மட்டும் தெரியும். அவருக்குத் தமிழ் தெரியாது. எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த அவனுக்கு இரண்டும் புரியும்.

ஹெட்மாஸ்டர் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "பதினேழு தடவை காய்ச்சல் என்று கடிதம் வந்திருக்கிறது. இவன் முகத்தில் எனக்குக் காய்ச்சல் தெரியவில்லை. வேறு ஏதோ தெரிகிறது. இடைவேளையில் தண்ணீர்த்தொட்டி பக்கம் தனியாக நிற்கிறான். பையன்கள் ஏதாவது செய்கிறார்களா? வீட்டில் என்ன சொல்கிறான்? அம்மாவிடம் கேள்."

நான் ஜன்னல் பக்கம் குனிந்தேன். "மாமி, இவன் இளைச்சுப் போயிருக்கானாம். டாக்டர்கிட்ட காமிச்சேளான்னு கேக்கறார்."

"டாக்டரா? ஆனியில ரெண்டு நாள் சுட்டது. அதோட சரியாப் போச்சே?"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "டாக்டர் பார்த்துவிட்டாராம் ஸார். மலேரியா, விட்டுவிட்டு வருகிறதாம்."

உள்ளே மாமி ஜன்னல் பலகையை இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அவள் விரல்கள் பலகையைப் பிடித்திருந்தன. "அம்பி, நான் கேக்கறதை அப்படியே கேளு. இவன் இங்கே யாரோட பேசறான்? ஆத்துல வாயே திறக்கறதில்லை. சாதத்தைப் பிசைஞ்சுண்டே உக்காந்திருக்கான். முன்னெல்லாம் பாடுவான், இப்போ எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லைங்கறான். இங்கே யாராவது ஏதாவது சொன்னாளா? இவனுக்குச் சிநேகிதா யாருன்னு கேளு."

இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நகர்ந்து நின்றிருந்தால்கூட ஒருவேளை முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"மேல் வகுப்புக்குத் தேறிவிடுவானா என்று கேட்கிறார் ஸார்."

அவர் முகம் சுருங்கியது. எல்லாத் தாய் தகப்பன்மாரும் இப்படித்தான் என்று நினைத்திருப்பார். "தேறுவது இப்போது முக்கியமில்லை. பூஜை விடுமுறை வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல். உடம்பு முதலில் சரியாகட்டும்."

அதை அப்படியே சொன்னால் மாமி, எந்த உடம்பு என்று கேட்பாள். "கெட்டிக்காரப் பையன்தானாம் மாமி. கவலைப்பட ஒண்ணுமில்லையாம். தவறாம தினம் அனுப்பச் சொல்றார்."

"அவ்வளவுதானா? சிநேகிதா பத்திக் கேட்டியா?"

"எல்லாரும் நன்னாப் பழகறாளாம்."

ஹெட்மாஸ்டர் குனிந்து வண்டிக்குள் பார்த்தார். "என்ன பாபா, மலேரியாதானா?" என்று அவனையே கேட்டார். அவன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். குதிரை ஒருமுறை காலை மாற்றி வைத்தது. கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். நான் ஏதாவது சொல்லப்போகிறேனா என்று காத்திருந்து பார்த்தான்.

"ஆமாம் ஸார்" என்றான்.

*

அன்றுமுதல் அவன் என்னோடும் பேசவில்லை. காலையில் எனக்கு முன்பே கிளம்பிவிடுவான். அவன் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பதாகப் பள்ளி நினைத்தது. பள்ளிக்குத் தினம் போவதாக மாமி நினைத்தாள். மழைக்காலத்தில் அந்தப் பையனுக்குக் காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை கல்கத்தாவில் இருக்க ஓர் இடமில்லை. அதன்பின் கடிதமும் தேவைப்படவில்லை.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. தினமும் நாலு மணிக்குக் குளத்தங்கரையைத் திரும்பிப் பார்ப்பேன், இருக்கமாட்டான். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் நின்று கீழே அவன் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் மூச்சு வரும்.

ஒரு நாள் செருப்பு இல்லை. விளக்கேற்றும் நேரத்துக்கு மாமி மேலே வந்தாள். "அம்பி, அவன் உன்னோட வரலையா?"

"ஸ்கூல்லேர்ந்து எனக்கு முன்னாடியே கிளம்பிட்டானே மாமி" என்றேன். எதற்கு அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொல்லிற்று.

அப்பாவும் வீட்டுக்கார பாபுவின் பிள்ளைகளும் காளிகாட், பஜார், உறவுக்காரர் வீடு என்று தேடினார்கள். மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. எனக்கு இடம் தெரியும். கிடர்பூர் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்புறம் எல்லாம் வெளியே வரும். விடிந்து, அப்பா நனைந்த வேட்டியோடு வந்து உட்கார்ந்தபிறகுதான், "கப்பல் பார்க்கப் போறதாச் சொல்லிண்டிருந்தான்" என்றேன்.

"இதை ராத்திரியே சொல்றதுக்கென்னடா?" என்றார் அப்பா.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கொட்டகையின் ஓரத்தில் இருந்தானாம். உடம்பு கொதித்தது. தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினேழு கடிதங்களுக்குப் பிறகு அவனுக்கு மறுபடி நிஜமான காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் கிடந்தான், பிழைத்துக்கொண்டான். ஆனால் யார் கேட்டாலும் பேசவில்லை. மாமா சிம்லாவிலிருந்து விடுப்பில் இறங்கி வந்தார். காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார், ஏதோ பயந்திருக்கிறான் என்றார்கள் மற்றவர்கள். மாமியையும் அவனையும் தெற்கே கொண்டுபோய் விட முடிவாயிற்று. பள்ளியை விட்டு விலகும் விண்ணப்பத்தை எழுதும் தெம்பு மாமாவுக்கு இல்லை. என்னையே எழுதச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் உடல்நலக் குறைவு என்று எழுதினேன்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு பையன் கேட்டான்: "அந்த மதராஸிப் பையன் எங்கே? நாம் ஏன் அவனோடு பேசாமலிருந்தோம்?" யாருக்கும் சரியாக நினைவில்லை. என்னவோ ஒரு கோட்டு என்றான் ஒருவன்.

*

இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தபோது, திருவல்லிக்கேணியில் அவர்கள் இருக்கும் இடம் தெரிந்து போனேன். மாமா காலமாகியிருந்தார். மாமிக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அம்பியா! கல்கத்தா அம்பியா!" என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறான் என்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேசுகிறான், அளந்து பேசுகிறான். "நன்னாத்தான் இருக்கான். வருஷத்துல ஒரு மாசம், ரெண்டு மாசம் சொவத்தைப் பார்த்துண்டு படுத்துடுவான். அப்போ சாதம் இறங்காது. அச்சாபீஸ் முதலியார் நல்ல மனுஷன், வேலையை வச்சுண்டிருக்கார். லீவு லெட்டர் நான்தான் எழுதறேன்."

"நீங்களா?"

"உன்னாட்டம் இங்கிலீஷா? தமிழ்லதான். என்ன பெரிய லெட்டர்! 'பையனுக்கு மனசு சரியில்லை, ரெண்டு வாரம் வரமாட்டான்'னு எழுதி அனுப்புவேன். அவர் சரின்னு சொல்லியனுப்புவார்."

நான் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவன் ஐந்து மணிக்கு வந்தான். மெலிந்து, விரல் நுனியில் மையோடு. என்னைப் பார்த்து ஒரு கணம் நின்று, "எப்போ வந்தே?" என்றான். நேற்றுப் பார்த்தவனைக் கேட்பதுபோல. கொஞ்ச நேரம் கல்கத்தாவைப் பற்றிக் கேட்டான். பாலம் இன்னும் திறக்கிறதா என்றான். திறக்கிறது என்றேன். மாமி உள்ளே போன சமயத்தில், "அந்த லெட்டரெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"உன் இங்கிலீஷ் நன்னா இருந்தது" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, பிழை திருத்துகிறவன் சொல்வதுபோல் சொன்னான். பிறகு உள்ளே, அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லலை" என்றான்.

கிளம்பும்போது மாமி வாசல் வரை வந்தாள். வெற்றிலை பாக்கைக் கையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்ணு சொல்லணும்னு இத்தனை வருஷமா மனசுல இருந்தது, அம்பி. அந்த ஊர்ல இவனோட பேசிண்டிருந்தது நீ ஒருத்தன்தான். எனக்காக வண்டி பக்கத்துல நின்னு அந்தப் பெரிய மனுஷர்கிட்ட எல்லாம் கேட்டுச் சொன்னே. அதுக்கெல்லாம் நீ நன்னா இருக்கணும்."

அவளுக்குப் பின்னால் நிலையில் கை வைத்துக்கொண்டு அவன் நின்றான். அன்றைக்கு வண்டிக்குள்ளிருந்து பார்த்த மாதிரியே என்னைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல், காத்துக்கொண்டு நின்றான்.

சொல்லவேண்டியது நாலே வரி. தமிழில் சொன்னால் போதும், மொழிபெயர்க்கவும் வேண்டாம். வாயைத் திறந்தேன்.

"டிராமுக்கு நேரமாச்சு மாமி" என்றேன்.

போன தை மாதம் மாமி காலமானதாகக் கார்டு வந்தது. அவனே எழுதியிருந்தான், இரண்டு வரி, பிழையில்லாமல். அன்று திருவல்லிக்கேணியில் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பி நான் தெருமுனையில் போய் நின்றபோது டிராம் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. மூன்றை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினேன்.